ஆய்வு ஒப்பந்தமும் ஓர் அமானிதமே



ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்த இக்காடு, 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. பளியர் குடியிருப்பும் அங்கே உண்டு. இத்தகைய காடுகளை நாடி ஆய்வாளர்கள் வருவது இயல்பு. அரசு நிதி அளிக்கிறது. பல்கலைக்கழகம் அதை ஏற்று ஆய்வு நடத்துகிறது. இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் படித்து, கையொப்பமிடலாமா என்று ஆலோசனை கூற ஒருவர் இருப்பார். நம் பிள்ளைகள் பலர் இன்று ஆய்வு மாணவர்களாகவும் கணக்கு அலுவலர்களாகவும் பேராசிரியர்களாகவும் அந்த மேசையருகே அமர்கின்றனர். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சில சொற்கள்.

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். கேட்டவரின் மனம் குளிரப் பேசுவது அந்த அமானிதத்தை நிறைவேற்றாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்பதையும், தன் தரப்பைச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் பேச வேண்டும் என்பதையும் அது சேர்த்தே கற்பிக்கிறது.

அரசு நிதிக்கான நெறிகள் தெளிவானவை. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, மானியத்தைச் செலவிட்ட நிறுவனம் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். மானியத்துக்குக் கிடைத்த வட்டியும் அரசுக்கே திரும்ப வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒரு சாட்சியம். மார்ச் மாத அவசரத்தில் வாங்காத கருவியை வாங்கியதாகக் காட்டினால், அது பொய்ச் சாட்சியமாகிவிடும். கருவி விற்பவர் தரும் அன்பளிப்பும் அவ்வாறே. ஸகாத் வசூலிக்கச் சென்றவர் ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கியபோது, தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம்.

ஆனால் கணக்கு நேராக இருந்தும் அநீதி நிகழலாம். இதே மலைத்தொடரின் தென்கோடியில் நடந்ததைப் பாருங்கள். 1987இல் மத்திய அரசின் இன உயிரியல் ஆய்வுத் திட்டக் குழுவொன்று அகத்தியமலைக் காட்டுக்குச் சென்றது. வழிகாட்டிய காணி மக்கள் களைப்பின்றி நடந்ததன் காரணம், அவர்கள் மென்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய்கள். அதிலிருந்து திருவனந்தபுரத்தின் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை மருந்து நிறுவனமொன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் அளித்தது. அத்தொகையிலும், விற்பனையில் வரும் 2 சதவீத உரிமத்தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் இது பாராட்டத்தக்க நேர்மை. எனினும் காட்டில் இலை பறிக்கும் உரிமை யாருக்கு என்பது முன்கூட்டியே தீர்க்கப்படவில்லை. வனத்துறை மறுத்தபோது காணிகளின் வருவாய்க்குத் தடை வந்தது. நல்லெண்ணம் இருந்தும், எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதன் விளைவு இது.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் பயன் பகிர்வை வலியுறுத்துகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சிலருக்கு விலக்கு அளித்தது. சட்டம் விலக்கு அளிக்கும் இடத்திலும் ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, விலகிவிடுவதில்லை. நாளை செண்பகத்தோப்பின் செடியைக் குறித்து ஓர் ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால், மூன்றைக் கேளுங்கள்: அறிவைத் தந்தவர் யார்? அவருக்கு அவருடைய மொழியில் விளக்கிச் சம்மதம் பெற்றீர்களா? அவருடைய பங்கு எழுதப்பட்டுள்ளதா? இம்மூன்றையும் கேட்பவரைக் காலதாமதம் செய்பவர் என்று சிலர் குறை கூறலாம். கூறட்டும். மறுமையில் பளியர் முதியவர் ஒருவர் நம்மீது வழக்குரைப்பதைவிட அது எளிது.

பெற்றோரே, பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும்போது அவர் எதில் கையொப்பமிடுகிறார் என்பதையும் விசாரியுங்கள். அமானிதத்தைக் காப்போராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.