பல்லைக் காட்டப் போறோம், சர்க்கரையையும் பார்த்துட்டு வருவோமே!



அன்னதான வரிசையில் நாங்க பரிமாறும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "எனக்கு இனிப்புநீர் எல்லாம் இல்லீங்க, சர்க்கரைப் பொங்கல் நல்லா வைங்க!" எப்போ சோதிச்சுப் பார்த்தீங்கன்னு கேட்டா, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் பதில்.

பிரச்சினையே அங்கதான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 2019 ஆய்வில் நம் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. மற்ற இனங்களைவிட நாமதான் அதிகம்.

சும்மா இருக்கும்போது ரத்தம் சோதிக்கப் போகச் சொன்னா நம்மாளுங்க போகமாட்டாங்க. ஆனா பல்வலி வந்தா? மறுநாள் காலையிலேயே கிளினிக் வாசலில் நிற்போம். அங்கேயே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் என்ன? ஒரு நிமிடம்கூட ஆகாது.

பல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் கெடும். வீங்கும், ரத்தம் கசியும், பல் ஆடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. ஆக, நோய் இருப்பது நமக்குத் தெரியும் முன்பே பல் டாக்டர் கண்ணில் அதன் அடையாளம் படலாம்.

"பல் டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிலர் கேட்கலாம். அவர் இனிப்புநீருக்கு மருந்து தர வேண்டாம். அளவு கூடுதலா இருக்கு என்று சொன்னால் போதும். விரல் சோதனை முடிவான தீர்ப்பும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் முறையாக ரத்தம் கொடுத்து உறுதிசெய்யணும்.

அதனால பல் கிளினிக்குகள் இதை வழக்கமாகவே செய்யணும் என்பது எங்கள் கருத்து. அதுவரை நாமே வாய்விட்டுக் கேட்போம்: "டாக்டர், சர்க்கரையும் பார்க்க முடியுமா?"

ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பல் முகாமில் பக்கத்திலேயே சர்க்கரை சோதிக்கும் மேசை ஒன்று போடுங்க. அளவு கூடினவங்க சம்மதத்தோடு தொலைபேசி எண்ணை வாங்கி வைங்க. ஒரு வாரம் கழிச்சு, "கிளினிக் போனீங்களா?" என்று அழைத்துக் கேட்கும் வேலையைத் தொண்டர்கள் நாங்க பார்த்துக்கிறோம்.

தைப்பூசத்தில் வெறுங்காலோடு நடக்கிறோம். இனிப்புநீர் நரம்பைக் கெடுத்துவிட்டால் காலில் கல் குத்தினாலும் வலி தெரியாது. கவனிக்காத அந்தப் புண்தான் சிலருக்குக் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுது.

முருகனிடம் நடந்து போக இந்தக் கால்கள் வேணும். வாயைத் திறக்கும்போதே விரலையும் நீட்டுங்க.