220 கிலோமீட்டரும் 12 மணி நேரமும்

புது தில்லி: இம்பாலுக்கும் ஷில்லாங்குக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 220 கி.மீ.தான். ஆனால், "உடான்" திட்டத்தின் கீழ் இவ்விரு தலைநகரங்களையும் இணைக்கும் நேரடி விமானம் 2021, ஆகஸ்ட் 3-ம் தேதிதான் புறப்பட்டது. அதுவரை மணிப்பூர்வாசி ஒருவர் மேகாலயத் தலைநகரை அடைய சாலை வழியே 12 மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். இல்லையெனில் குவாஹாட்டிக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் 100 கி.மீ. பேருந்தில் செல்ல வேண்டும்.

சேவை தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட பயண நேரம் இம்பாலிலிருந்து 60 நிமிடம். ஷில்லாங்கிலிருந்து 75 நிமிடம். இங்கேதான் தில்லியின் கணக்கு இடறுகிறது. 2016-ல் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஒரு மணி நேரப் பயணம் என்பது ஏறத்தாழ 500 கி.மீ. எனக் கொள்ளப்பட்டு, கட்டண உச்சவரம்பு ரூ. 2,500 என நிர்ணயிக்கப்பட்டது. இத்தடத்திலோ அதே ஒரு மணி நேரத்தில் பாதித் தொலைவுகூடக் கடக்க முடிவதில்லை. ஓடுபாதையில் ஊர்வது, மேலெழுவது, தரையிறங்கக் காத்திருப்பது ஆகியவற்றுக்கான நேரம், தொலைவு குறைவு என்பதற்காகக் குறைந்துவிடாது. எரிபொருள் செலவும் அப்படியே. ஆகவே, மானியமின்றி இத்தகைய தடங்கள் நிலைப்பது அரிது.

வடகிழக்கில் இந்த மானியத்தில் 90 சதவீதத்தையும், பிற மாநிலங்களில் 80 சதவீதத்தையும் மத்திய அரசு ஏற்கிறது. மலைப்பகுதியின் நிலை வேறு என்பதை அரசு உணர்ந்தே இருக்கிறது. எனினும், மானியம் மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்ற விதி மட்டும் மலைக்கும் சமவெளிக்கும் பொது. நல்ல நெடுஞ்சாலையும் ரயிலும் உள்ள ஊருக்கும், 12 மணி நேர மலைச்சாலை மட்டுமே உள்ள ஊருக்கும் ஒரே கெடு விதிப்பது சமத்துவம் ஆகாது.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, விளைவைத் தெளிவாகவே காட்டியது. மூன்றாம் கட்டம் வரை ஒதுக்கப்பட்ட 774 தடங்களில் 403-ல் விமானம் பறக்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டுகளை நிறைவு செய்தவை 112. அதன் பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை வெறும் 54.

மணிப்பூரில் இது வசதி பற்றிய கேள்வி மட்டுமல்ல. 2023 மே மாதம் இனக்கலவரம் வெடித்த பின், குகி மக்கள் வாழும் மலைகளின் ஊடாகச் செல்லும் நெடுஞ்சாலை மைதேயி மக்களுக்கு அடைபட்டது. அவர்களுக்கு விமானமே வழியானது. குகி மக்களுக்கோ இம்பால் விமான நிலையமே எட்டாததாயிற்று. விமானம் ஏற அவர்கள் சாலை வழியே மிஸோரம் சென்று, ஐஸாலை நாட நேர்ந்தது. எந்தக் கால அட்டவணையும் இந்தப் பயண நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

2025 பிப்ரவரி 1-ம் தேதி தாக்கல் செய்த பட்ஜெட்டில், திருத்தப்பட்ட "உடான்" மூலம் 10 ஆண்டுகளில் 120 புதிய இடங்கள் இணைக்கப்படும் என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மலை மாவட்டங்கள், வடகிழக்கு ஆகியவற்றின் சிறிய விமான நிலையங்களுக்கும் ஆதரவு உண்டு என்றார். மானியக் காலம் குறித்து அந்த உரையில் ஒரு சொல்லும் இல்லை.