பந்தடிச்சா வயிறு நெறையுமா?

"பந்தடிச்சா வயிறு நெறையுமா? அதுலயும் பொம்பளப் புள்ளைக்கு என்னா வெளையாட்டு?"

அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வெறுங்கூடையோடு லயத்துக்கு ஏறி வரும் தாய்மாரும் தகப்பன்மாரும் கேட்கிற கேள்வி இது. கேட்பதில் குற்றமில்லை. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர்களுக்கு, பிள்ளை மறுபடியும் ஓடி வியர்ப்பது வீண்வேலையாகத்தான் படும். ஆனாலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அதைச் சொல்ல உங்களைக் கொஞ்சம் சிங்கப்பூர் வரை அழைத்துப் போக வேண்டும்.

சிங்கப்பூர் என்றதும் தமிழனுக்கு ஞாபகம் வருவது தேக்கா. சிராங்கூன் ரோடு, வீரமாகாளியம்மன் கோவில், ஞாயிற்றுக்கிழமை வந்து கூடும் நம்மவர் கூட்டம். அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் தோ பாயோ என்றொரு பகுதி. அதன் விளையாட்டு மண்டபத்தில்தான் 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பல தேசத்துப் பிள்ளைகள் கரப்பந்து ஆடினார்கள்.

அதுதான் உலகத்தின் முதலாவது இளையோர் ஒலிம்பிக். ஆகஸ்ட் 14 தொடங்கி 26 வரை நடந்தது. பள்ளிக்கூடம் போகிற வயது, அதாவது 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். 200க்கு மேற்பட்ட நாடுகள், ஏறக்குறைய 3,600 பிள்ளைகள், 26 விளையாட்டுகள். நன்யாங் பல்கலைக்கழக விடுதிகளில்தான் எல்லோருக்கும் தங்கல்.

கரப்பந்தில் ஆண்பிள்ளைகளுக்கு ஆறு அணி, பெண்பிள்ளைகளுக்கு ஆறு அணி. ஆண்களில் தங்கம் ரஷ்யாவுக்கு, பெண்களில் பெல்ஜியத்துக்கு. கொங்கோவிலிருந்து வந்த பையன்களும் கென்யாவிலிருந்து வந்த பெண்பிள்ளைகளும் பதக்கம் இல்லாமலே ஊர் திரும்பினார்கள்.

"அப்போ எதுக்கு அவ்வளவு தூரம் போனாங்க?" என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெரியவர்களின் ஒலிம்பிக்கில் தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு போகலாம். இந்தப் போட்டியில் அப்படி இல்லை. தோற்றாலும் ஜெயித்தாலும் கடைசி நாள் வரை தங்க வேண்டும் என்பது சட்டம். ஆட்டம் இல்லாத நேரத்தில் உடம்பைப் பேணுவது எப்படி, ஊக்கமருந்தின் கெடுதி என்ன, அயல் தேசத்தாரின் பழக்கவழக்கம் என்ன என்று பாடம், பட்டறை. சிங்கப்பூர்ப் பள்ளிகள் ஆளுக்கொரு நாட்டைத் தோழமை நாடாக எடுத்துக்கொண்டு, அந்த நாட்டைப் பற்றிப் படித்து, அந்தப் பிள்ளைகளை வரவேற்றன. பதக்கம் மூன்று அணிக்குத்தான். ஆனால் உலகத்தைப் பார்த்த கண் எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது.

ஆட்டத்தில் தோற்கலாம். போகாமலே தோற்பதுதான் தோல்வி.

கென்யா எப்படிப்பட்ட நாடு? நம்மைப் போல தேயிலை விளையும் நாடு. உலகச் சந்தையில் நம்ம தேயிலைக்குப் போட்டியாக நிற்கிற நாடு. அந்த நாட்டுப் பெண்கள் 2000ஆம் ஆண்டிலேயே சிட்னி ஒலிம்பிக்கில் கரப்பந்து ஆடிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது பெண்களில் தங்கம் வாங்கியவர்கள் யார்? ஜப்பானியப் பெண்கள். அந்த அணியில் பெரும்பாலானோர் ஒரே பஞ்சாலையைச் சேர்ந்தவர்கள். பகலில் ஆலையில் வேலை. வேலை முடிந்ததும் இரவு வெகுநேரம் வரை பயிற்சி. தொழிலாளிப் பெண்ணுக்கு விளையாட்டு எதுக்கு என்று அந்த நாட்டில் நினைத்திருந்தால் அந்தத் தங்கம் ஏது?

இப்போது நம்ம தோட்டத்துக்கு வருவோம். 1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவில் வாழ்கிற நமக்கென்றே செய்தது போன்ற ஆட்டம் அது. கிரிக்கட்டுக்கும் கால்பந்துக்கும் பெரிய மைதானம் வேண்டும். கரப்பந்துக்குக் கோடு போட்ட இடம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றிலும் கொஞ்சம் வெளி. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. பக்கத்துக்கு ஆறு பேர். செலவு அவ்வளவுதான்.

தேக்காவை ஒட்டி ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஒரு தெரு உண்டு. பெயருக்கேற்ப முன்னாளில் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1933இல் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறிப் போன பிறகு, ஃபேரர் பார்க் என்ற அந்த நிலத்தைப் பல்லாண்டு காலம் விளையாட்டுத் திடலாக வைத்திருந்தார்கள். ஒரு சாண் நிலமும் பொன் விலை பெறும் ஊரிலேயே பிள்ளைகள் ஓட இடம் ஒதுக்கினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை நிற்கிற நம்ம தோட்டத்தில், பிள்ளைகளுக்கு 18 மீற்றர் தட்டை நிலம் கிடைக்காதா?

கிடைக்கும். பெரட்டுக்களம் காலையில்தானே வேண்டும்? பின்னேரம் அது சும்மாதானே கிடக்கிறது? அங்கே ஒரு வலை கட்ட அனுமதி கேட்டால் எந்தத் துரைக்கு என்ன நஷ்டம்? மாதாமாதம் சந்தா கொடுக்கிறோமே, அந்தத் தலைவர்மாரிடம் கேளுங்கள். தேர்தல் காலத்து வாக்குறுதியாக அல்ல, இந்த மாதத்து வேலையாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பெற்றோர் செய்ய வேண்டியது. நாளைக்கு உங்கள் பிள்ளையை வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவு செய்தால், முதலில் கேட்பது பந்தை அல்ல, பாஸ்போட்டை. பாஸ்போட்டுக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். நாடற்றவர் என்ற பெயரோடு நம்ம பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. அப்படிப் பாடுபட்டுப் பெற்ற உரிமையை, பிள்ளையின் பிறப்பைப் பதியாமல் விட்டு நாமே கெடுக்கலாமா? பத்திரம் இல்லாத வீட்டார் அடுத்த சம்பளத்துக்குக் காத்திராமல் கிராம சேவகரிடம் போய் வழி கேளுங்கள்.

கடைசியாக, அம்மாமாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளிடம் தண்ணீர்க் குடத்தையும் தம்பி தங்கையையும் கொடுப்பதற்கு முன், ஒரு மணி நேரம் பந்தைக் கொடுங்கள். அண்ணன்காரன் அந்த ஒரு மணி நேரம் குடத்தைத் தூக்கட்டும், கை தேய்ந்து போகாது.

பந்தடிச்சா வயிறு நெறையாது, உண்மைதான். ஆனால் நம்ம பிள்ளை லயத்து வாசலைத் தாண்டி, மலையைத் தாண்டி, கடலையும் தாண்டிப் போய் நாலு தேசத்துப் பிள்ளைகளுக்குச் சமமாக ஒரு வலைக்கு முன்னால் நின்று வந்தால், அதன் பிறகு எவர் முன்னாலும் அது தலைகுனிந்து நிற்காது. நமக்கு வேண்டியது அந்த நிமிர்ந்த தலைதானே?