மறைகுறி நாணயம்: விளக்கப்படும் சொல்லும் மறைக்கப்படும் பொருளும்

ஒரு புதிய சொல் யார் வாய்வழியாக மக்களை வந்தடைகின்றது என்பது அச்சொல்லின் பொருளைப் பாதியளவு நிர்ணயித்து விடுகின்றது. பொருளியற் சொற்கள் ஒரு காலத்தில் பாடநூல், கூட்டுறவுச் சங்கம், வங்கி ஆகியவற்றின் வழியே எமது கிராமங்களை அடைந்தன. இன்றோ ‘பிட்கொயின்’, ‘புளொக்செயின்’, ‘வொலட்’, ‘மைனிங்’ முதலிய சொற்களைக் கட்டைபறிச்சானிலோ மூதூரிலோ உள்ள ஓர் இளைஞன் பெரும்பாலும் அவற்றை விற்க முனைவோரிடமிருந்தே முதன்முதலாகக் கேட்கின்றான். ‘ஆரம்ப நிலையினருக்கான எளிய விளக்கம்’ என்னும் பெயரோடு வரும் இவ்விளக்கங்கள் இயந்திரத்தை விளக்குகின்றன, கணக்கை விளக்குவதில்லை. நான் கொடுக்கும் பணத்துக்கு எனக்குக் கடமைப்பட்டவர் யார் என்னும் ஒரேயொரு வினா அவற்றில் இடம்பெறுவதேயில்லை. அவ்வினாவை விடுத்துச் செய்யப்படும் எச்சொல் விளக்கமும் கல்வியன்று. அஃது ஆட்சேர்ப்பே என்பது எமது வாதம்.

முதலிலே ‘நாணயம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றையது நேர்மை. ‘நாணயமான மனிதர்’ என்று ஊரார் ஒருவரைக் கூறும்போது அவருடைய சொல்லை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதே கருத்து. ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இரண்டாவது பொருள் இல்லை. எனவே ‘மறைகுறி நாணயம்’, ‘மெய்நிகர் நாணயம்’ என நாம் பெயரிட்டபோது விற்பவன் கேளாமலே அவனுக்கு ஒரு நற்சான்றிதழையும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

எமது ரூபாவும் புனிதமான பொருளன்று. 2022 மார்ச்சில் அதன் பெறுமதி சந்தையிடம் விடப்பட்டதும், டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த விலை இரண்டு மாதங்களுள் 350 ரூபாவைத் தாண்டியது. உழைக்கும் மக்களின் சேமிப்பு அவர்கள் கண்முன்னேயே கரைந்தது. ஆயினும் அங்கே குற்றஞ்சாட்டுவதற்கு ஆட்கள் இருந்தனர். 2023 நவம்பர் 14ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகளும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உட்பட ஆட்சியிலிருந்த பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. இழந்த பணம் அத்தீர்ப்பினால் மீளவில்லை என்பது உண்மையே. எனினும் பொறுப்பாளி யார் என்பது பெயர் சுட்டி நிறுவப்பட்டது.

இதனைப் பிட்கொயினோடு ஒப்பிடுக. 2008 ஒக்ரோபர் 31ஆம் திகதி சற்றோசி நகமோட்டோ என்னும் பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரையொன்று வெளியாயிற்று. 2009 ஜனவரி 3ஆம் திகதி அதன் முதலாவது தொகுதி உருவாக்கப்பட்டது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் பிட்கொயின்களுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. அப்பெயருக்குரியவர் யாரென்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. 2021 நவம்பரில் 69,000 டொலரை எட்டிய ஒரு பிட்கொயினின் விலை, ஓராண்டின் பின் 16,000 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. பின்னர் மீண்டும் ஏறியது. வீழ்ந்தபோது விற்க நேர்ந்த ஏழை எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்? ‘இங்கே எவரையும் நம்பவேண்டியதில்லை’ என்பதைப் பெருமையாகக் கூறுகின்றனர். எவரையும் கேட்கவும் முடியாது என்பது அதே வாக்கியத்தின் மறுபாதி.

இனி, சொற்களை ஒவ்வொன்றாக நோக்குவோம். ‘புளொக்செயின்’ என்பது உண்மையில் ஒரு கணக்கேடு. ஊர்க் கடையிலே கடன் எழுதும் கொப்பியை நினைத்துக்கொள்க. அக்கொப்பியின் பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்திய பக்கத்திலுள்ள எழுத்துகள் யாவற்றிலுமிருந்து கணித்துப் பெற்ற ஓர் அடையாள எண் இடப்படுகின்றது. பழைய பக்கமொன்றில் ஓர் இலக்கத்தை எவராவது மாற்றினால் அடுத்து வரும் பக்கங்களின் அடையாளங்கள் யாவும் பொருந்தாது போகும். மற்றைய வீடுகளிலுள்ள கொப்பிகள் அக்களவைக் காட்டிக் கொடுக்கும். இது நுட்பமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கொப்பி எழுதியதைக் காக்குமேயன்றி, எழுதியது உண்மையா என்பதை அறியாது. இல்லாத நெல்லை நூறு மூடை என எழுதினால் அப்பொய்யையும் அழியாமற் காக்கும். உலகெங்கும் பல நூறு கோடி டொலரை விழுங்கிய ‘வண்கொயின்’ மோசடியிலோ அந்தக் கொப்பியே இருக்கவில்லை. அச்சொல் மட்டுமே விற்கப்பட்டது.

‘மைனிங்’ என்பதைச் சுரங்கமகழ்தல் என மொழிபெயர்த்தல் மேலும் மயக்கந் தருவது. அங்கே மண்ணும் இல்லை, கனிமமும் இல்லை. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதிய பிட்கொயின்கள் கிடைக்கும். 2009இல் 50 ஆக இருந்த அப்பரிசு, படிப்படியாகப் பாதியாகி, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று. பெருந்தொகையான சிறப்புக் கணினிகளையும் மலிவான மின்சாரத்தையும் உடைய முதலாளிகளின் போட்டி இது. கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிட்கொயினை அகழலாம் என எம்மவரிடம் கூறுபவன் விற்பது சொல்லை மாத்திரமே.

‘வொலட்’ என்பது பணப்பையும் அன்று. அதற்குள் பணம் இருப்பதில்லை. ஓர் இரகசிய எண்ணே, அதாவது ஒரு திறப்பே, இருக்கின்றது. திறப்புத் தொலைந்தால் மாற்றுத் திறப்பு வெட்டித்தரக் கொல்லன் இல்லை. அதனைப் பரிமாற்று நிலையமொன்றிடம் ஒப்படைத்தால் எஞ்சுவது அந்நிலையத்தின் வாக்குறுதி மட்டுமே. 2014இல் டோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ் நிலையமும், 2022 நவம்பரில் பகாமாசைத் தளமாகக் கொண்ட எவ்.ரி.எக்ஸ். நிலையமும் முறிந்தபோது அவ்வாக்குறுதியின் விலை தெரியவந்தது. டொலரோடு என்றும் சமமாக நிற்கும் எனக் கூறப்பட்ட ‘நிலைநாணயங்களுள்’ ஒன்றான ரெறாவும் 2022 மே மாதத்தில் ஒரு சில நாள்களிலேயே சரிந்தது. நிலையாமையை நிலையெனப் பெயரிட்டழைக்கும் துணிவு விளம்பரத்துக்கே உரியது.

எமது நாட்டு அனுபவமும் இதற்கு வேறானதன்று. இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் மெய்நிகர் நாணயங்கள் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இவற்றுக்குத் தான் எவ்வித அனுமதியும் வழங்கவில்லை என்றும், கடனட்டை, வரவட்டை ஆகியவற்றை இக்கொடுக்கல் வாங்கல்களுக்குப் பயன்படுத்த இடமில்லை என்றும் தெரிவித்தது. எனினும் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் மக்களை வாட்டிய அதே காலத்திலேதான் ‘ஸ்போர்ட்ஸ் செயின்’ போன்ற செயலிகள் பரவின. 2023இல் மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியவை என வெளியிட்ட பட்டியலில் அச்செயலியும், ‘ஒன்மக்ஸ் டி.ரி.’, ‘எம்.ரி.எவ்.ஈ.’ ஆகியவையும் இடம்பெற்றன. இத்திட்டங்களின் இலாபம் எந்தச் சுரங்கத்திலிருந்தும் வரவில்லை. பின்னர் சேர்ந்தவனின் பணமே முன்னர் சேர்ந்தவனின் இலாபம். மச்சான் மச்சானைச் சேர்ப்பான். மாணவனை ஆசிரியர் சேர்ப்பார். இறுதியில் அழிவது பணம் மட்டுமன்று. ஊரிலே ஒருவரையொருவர் நம்பும் பழக்கமும் உடன் அழிகின்றது. பலமுறை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்தும் அந்த நம்பிக்கையைக் கைவிடாத மூதூர்க் கிழக்கு மக்களுக்கு இவ்விழப்பின் கனதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே சிலர் மறுப்புரைப்பர். ‘ஏமாந்தோர் அறியாதவர்கள், சொற்களைக் கற்றவன் தப்பிப்பான்’ என்பது முதலாவது மறுப்பு. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், எவ்.ரி.எக்ஸ். நிலையத்தில் இட்ட 27 கோடியே 50 இலட்சம் டொலரையும் இழந்ததென எழுதித் தள்ளியது. அந்நிறுவனத்தினர் சொற்பொருள் அறியாதவரோ? பாதிக்கப்பட்டவனையே குற்றவாளியாக்கும் இவ்வாதம் எக்காலத்திலும் சுரண்டுவோருக்கே உதவியுள்ளது.

‘வெளிநாட்டில் உழைப்போர் குறைந்த செலவில் வீட்டுக்குப் பணம் அனுப்ப இது வழிவகுக்குமே’ என்பது இரண்டாவது. மத்திய கிழக்கு உழைப்பில் அடுப்பெரியும் வீடுகள் நிறைந்த எமது பகுதியில் இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட இயலாது. அத்தொழினுட்பம் நாளை அவ்வாறு பயன்படக்கூடும். ஆனால் இன்று எமது வாசலுக்கு வருபவன் பணம் அனுப்பும் வழியையா விற்கின்றான்? மாதந்தோறும் இலாபம் என்ற ஆசையையன்றோ விற்கின்றான். மேலும், 2021இல் பிட்கொயினைச் சட்டபூர்வ பணமாக்கிய எல் சல்வடோர், அதனை வணிகர் கட்டாயம் ஏற்க வேண்டும் என்னும் விதியை 2025இல் நீக்க நேர்ந்ததையும் மறத்தலாகாது.

‘எல்லாம் பித்தலாட்டம், இதைப் பற்றி எழுதுவதே வீண்’ என்பார் பெரியோர் சிலர். இது முன்னையவற்றினும் ஆபத்தானது. கற்றோர் வாய்மூடியிருக்கும் இடத்தில் விற்பவனே ஆசானாகின்றான்.

எமது கிராமங்களில் இன்றும் சீட்டுப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அதிலும் பணத்தோடு மறைந்தவர் உளர்; அதனை இலட்சிய அமைப்பாகக் காட்டுவது எமது நோக்கமன்று. ஆயினும் சீட்டுக் கட்டும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு மூன்று செய்திகள் தெரியும்: பணத்தை வைத்திருப்பவர் யார், கூட்டிக் கிடைக்கும் தொகை எவரிடமிருந்து வருகின்றது, கிடைக்காவிடில் எந்த வீட்டுப் படலையைத் தட்டுவது. பட்டதாரிகள் எழுதும் மறைகுறி நாணய விளக்கங்களில் அம்மூன்றையும் தேடிப் பாருங்கள்.

1930களில் சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணி நடைபெற்றபோது அதில் முன்னின்று உழைத்தோருள் காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகளும் ஒருவர். விஞ்ஞானத்தைத் தமிழிலேயே பயில மக்களுக்கு வழி திறப்பது அப்பணியின் நோக்கம். ‘புளொக்செயின்’ என்பதைத் ‘தொகுதிச் சங்கிலி’ என்பதா, ‘தொடரேடு’ என்பதா என நாம் இன்று வாதிடுவதிற் பிழையில்லை. ஆனால் அவ்வாதம் முடிவுறும்வரை காத்திருக்க எமது மக்களுக்கு அவகாசமில்லை. பொருளியல் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் சட்டம் பயில்வோரும் ஒன்றுகூடி ஒரு சிறு சொல்லகராதியை ஆக்குக. அதில் ஒவ்வொரு சொல்லின் கீழும் அந்தத் தாய் அறிந்துள்ள மூன்று வினாக்களுக்கும் விடை எழுதுக. விடை இல்லாத இடத்தில் ‘எவருமில்லை’ என்றே எழுதுக. அச்சிட்ட பிரதிகளை நூலகத் தட்டில் அடுக்கி வைக்காது சனசமூக நிலையங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் அனுப்புவோம். அடுத்த செயலி ஊருக்குள் வருமுன் அது அங்கே போய்ச் சேரவேண்டும்.