ஐஸுக்கு மருந்து முகாமில் இல்லை

ஐஸ் (மெதம்பெட்டமைன்) போதைப்பொருள் பாவனையில் சிக்கிய பிள்ளையை எப்படியாவது புனர்வாழ்வுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தவிப்பது விளங்கிக்கொள்ளக்கூடியதே. நகை அடகுக்குப் போய், நித்திரையும் தொலைந்த வீட்டில் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று விசாரிக்கும் நாம், அங்கே என்ன சிகிச்சை கிடைக்கும் என்று விசாரிப்பதில்லை. ஹெரோயினுக்கு மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் உலகில் உண்டு. ஐஸுக்கு அப்படி நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஆசை எந்த நேரத்தில் கிளம்புகிறது, எந்தக் கூட்டாளியைக் கண்டால் மனம் தடுமாறுகிறது என்பதைக் கிழமைதோறும் இருந்து பேசிக் கண்டறிந்து, அதைத் தாண்டப் பழக்குவதே சிகிச்சையின் முக்கிய பகுதி. உளவளத்துணையாளரை வைத்தியரின் ஒத்தாசைக்காரராகவே எண்ணிப் பழகிவிட்டோம். இந்த நோயில் வைத்தியத்தின் பெரும்பகுதி அவர் கையில்தான்.

அரசு பிடித்திருப்பதோ வேறு வழி. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் கட்டாயச் சிகிச்சைக்கு இடமளித்தது. போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளைக் கையாண்ட அமைப்பு, 2023இல் தனிச் சட்டத்துடன், போதைக்கு அடிமையானோருக்கான புனர்வாழ்வுப் பணியகமாயிற்று. முன்னாள் போராளிகளையும் அதற்குள் கொண்டுவர முயன்ற அச்சட்டத்தின் மூல வரைவை உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் அதன் வீச்சு இன்னும் அகன்றிருக்கும். 2022 ஜூனில் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடி, அந்த மரணம் தொடர்பில் படையினர் சிலர் கைதானதும் இந்த முறையின் கீழ்தான். இத்தகைய கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடும்படி ஐ.நா. அமைப்புகள் 2012இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன.

கட்டாயப்படுத்தாவிட்டால் சிகிச்சைக்குத் தானாக எவன் வருவான் என்பார்கள். நியாயம்தான், தாயின் கண்ணீரோ வழக்கின் பயமோ தள்ளித்தான் பலர் வருகிறார்கள். தள்ளுவது வேறு, அடைத்து வைப்பது வேறு. புத்தி பேதலித்து வெறிகொள்பவனுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி, முகாம் அல்ல. ஹெரோயின்காரனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: மாதக்கணக்கில் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது, வெளியே வந்ததும் அதே அளவை எடுத்தால் உயிர் போகலாம். துணை மிக அவசியப்படும் அந்த வாரங்களில்தான் அவன் தனித்து விடப்படுகிறான். அந்தத் துணைக்குப் பணமில்லை என்ற பதிலும் முழுமையானதல்ல. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஏற்கெனவே உள்ளனர். குடும்பப் பிணக்கு முதல் சிறுவர் துஷ்பிரயோகம் வரை எல்லாம் அவர்கள் தலையில். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றிய ஊர் இது. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்க, பயிற்சிக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. திருநெல்வேலி இளைஞன் ஒருவனுக்கு நீதவான் சிகிச்சைக் கட்டளை இடும்போது, அவன் திரும்பி வந்ததும் சந்திக்க வேண்டிய நல்லூர்ப் பிரதேச உத்தியோகத்தரின் பெயரும் முதல் சந்திப்பின் திகதியும் அந்தக் கட்டளையிலேயே இருக்கட்டும்.