சுரங்கத்தின் மறுவாயிலில் வெடிச் சத்தம்



சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் லேசாக மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் காற்று ஓசையின்றிக் கசிந்துவிடும். சட்டென்று அழுத்தினால் விரலைத் தள்ளிக்கொண்டு பீறிடும். இந்தச் சின்ன விஷயந்தான் ஜப்பானியப் பொறியியலாளர்களைப் பல ஆண்டுகள் யோசிக்க வைத்தது.

1964-ஆம் ஆண்டு டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்! அந்த வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் காற்றழுத்தம் மாறிக் காது அடைக்கும். கேமரன் மலைக்குப் பஸ்ஸில் ஏறும்போது நமக்கு அடைக்கிறதே, அதைப் போலத்தான்; ஆனால் நொடியில் வந்துவிடும். அதனால் பயணிகள் இருக்கும் இடத்தைக் காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டினார்கள். உள்ளே இருப்பவர் பாடு தீர்ந்தது.

வெளியே இருப்பவர் பாடு?

1975-இல் பாதை மேற்கே ஹக்காத்தா வரை நீண்டது. ஒசாக்காவுக்கு அப்பால் ஏறக்குறைய பாதித் தூரம் சுரங்கந்தான். ரயில் ஒரு வாயிலில் நுழைந்தால், மறுவாயிலில் 'டமார்' என்று சத்தம். பக்கத்து வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாம் கடகடவென்று ஆடின. ரயிலோ இன்னும் வந்து சேர்ந்திருக்காது!

இது எப்படி? ஒதுங்க இடமில்லாத காற்றை ரயில் முட்டி நெருக்குகிறது. அந்த அழுத்தம் அலையாகி, ஒலியின் வேகத்தில் முன்னே ஓடுகிறது. 10 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடக்க அலைக்கு அரை நிமிடம் போதும். மணிக்கு 300 கிலோமீட்டரில் வரும் ரயிலுக்கோ 2 நிமிடம் வேண்டும். தண்டவாளத்தின் அடியில் ஜல்லிக்கல் இருந்தால் அலையின் வேகம் சற்றுத் தணியும் என்று சொல்வதைவிட, அதன் கூர்மை மழுங்கும் என்பதே சரி. வழவழப்பான காங்கிரீட் தளமானால் போகப் போகக் கூர்மையாகி, வெளியே வரும்போது வெடிக்கும். ரயிலின் வேகம் இரு மடங்கானால் இந்த அதிர்ச்சி ஏறத்தாழ 8 மடங்காகும்.

வழி என்ன? பம்பை மெல்ல அழுத்துவதுதான்! சுரங்க வாயிலின் முன்னால், பக்கத்தில் திறப்புகள் வைத்த கூடு ஒன்றைக் கட்டினார்கள். காற்று சிறிது சிறிதாக நெருக்கப்பட்டது. பிறகு ரயிலின் மூக்கையும் மாற்றினார்கள். நகாட்சு எய்ஜி என்ற பொறியியலாளர் பறவைகளைக் கவனிப்பதில் ஆசை உள்ளவர். மீன்கொத்தி அதிகம் நீர் தெறிக்காமல் பாய்வதற்கு அதன் நீண்ட அலகே காரணம் என்பதைக் கண்டார். 1997-இல் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் நீள மூக்கு அமைந்தது.

ரயிலில் போகிறவருக்கு வேகம் வேண்டும். வாயிலருகே குடியிருப்பவருக்குத் தூக்கம் வேண்டும். இரண்டையும் எண்ணிப் பார்ப்பதே நல்ல விஞ்ஞானம்.

வாய்க்காலோரம் மீன்கொத்தியைப் பார்த்து நின்றுவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வரும் பையனை நான் பலமுறை கடிந்ததுண்டு. இனி முதலில், "என்னப்பா பார்த்தாய்?" என்று கேட்கப் போகிறேன். வீட்டில் நீங்களும் கேளுங்கள்.