தாய்மார்களுக்கு ஒரு பயிற்சி



நிக்காஹ் வீட்டில் ஒரு சிறுவன் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். கையிலிருந்த தட்டை வீசி எறிகிறான். கூடியிருப்போரின் பார்வை அவனைப் பெற்றவள் மீதே பாய்கிறது. "வளர்ப்புச் சரியில்லை" என்கிறார் ஒருவர். "கண்ணேறு பட்டிருக்கும், ஓதி ஊதுங்கள்" என்கிறார் மற்றொருவர். அடுத்த விருந்துக்கு அந்தத் தாய் வருவதில்லை.

இத்தகைய தாய்மார்களுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு. அதற்குச் செல்லுமாறு மருத்துவர் கூறினால், குற்றம் தம்முடையது என்று சொல்வதாக எண்ணிப் புண்படுவோர் பலர். அவ்வாறன்று. சில குழந்தைகள் இயல்பிலேயே துடிப்பும் பிடிவாதமும் மிகுந்தவர்கள். மற்றக் குழந்தைகளுக்குப் போதுமான வளர்ப்புமுறை அவர்களுக்குப் போதுவதில்லை. நான்கு, ஐந்து வயதில் மிகுதுடிப்பும் கவனக் குறைவும் கொண்ட குழந்தைகளுக்கு மருந்தைவிட முதலில் நாட வேண்டியது பெற்றோர் பயிற்சியே என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது.

அந்நாட்டின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் என்னும் உளவியல் அறிஞர், 1960களிலிருந்து இத்தகைய குடும்பங்களின் இல்லங்களுக்கே ஆட்களை அனுப்பி, நடப்பதைக் குறித்து ஆராய்ந்தார். குழந்தை மிட்டாய் கேட்கிறது, தாய் மறுக்கிறாள். அலறுகிறது, கொடுத்துவிடுகிறாள். அலறினால் கிடைக்கும் என்று குழந்தை கற்கிறது. கொடுத்தால் அமைதி உண்டாகும் என்று தாயும் கற்கிறாள். நாளடைவில் அலறல் ஓங்குகிறது. இந்தச் சுழலை அறுப்பதே பயிற்சி. நல்லது செய்த அக்கணமே இன்னது செய்தாய் என்று குறிப்பிட்டுப் பாராட்டுதல், ஒரு நேரத்தில் ஒரே கட்டளையிடுதல், சிறு சிணுங்கலைக் காணாதிருத்தல், சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியவை அதில் அடங்கும். முதல் சில நாட்களில் அழுகை கூடவும் கூடும். பலர் மனம் தளர்ந்து கைவிடுவது அங்கேதான்.

சொன்ன சொல் என்றதும் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் சிறு பிராயம் நினைவுக்கு வருகிறது. ஏதோ தருவதாகச் சொல்லித் தாயார் அவரை அழைத்தபோது, என்ன தர எண்ணினீர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் தராதிருந்தால் அது பொய்யென எழுதப்பட்டிருக்கும் என்று நபிகளார் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிள்ளையை அழைக்கும் முறையையே ஒரு தாய்க்கு அண்ணலார் கற்பித்திருக்க, இன்று கற்கச் செல்வதில் இழிவு எங்கே வந்தது?

பத்து வயதில் அடிக்கலாமென்று ஹதீஸைக் காட்டுவோரும் உளர். ஏழு வயதில் தொழுகையை ஏவுமாறும் அதே ஹதீஸ்தான் பணிக்கிறது. இடைப்பட்ட மூன்றாண்டுகள் ஐவேளையும் சொல்லிச் சொல்லிப் பழக்கும் பொறுமையை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை!

துஆவை விடுமாறு நாம் கூறவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். வாப்பாமாரும் உடன் செல்லட்டும். உம்மா மறுத்த மிட்டாயை வாப்பா கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தால், ஒரு மாதப் பயிற்சி அன்றே பாழாகிவிடும்.